மூன்றாவது மாடிக் கதவு

ஒரு பழைய லிஃப்டுக்குச் சாட்சி சொல்ல வரும்படி எனக்குக் கடிதம் வந்தது.

அனுப்பியது கோயமுத்தூர் நினைவுத் தெரு அலுவலகம், இடித்துப்போன தெருக்களை ஆட்களின் நினைவிலிருந்து எடுத்து மறுபடி காட்டுகிறவர்கள். ஒப்பணக்காரத் தெருவில் முன்பு இருந்த பொன்னரசி காம்ப்ளெக்ஸ், மூன்றாவது மாடி, லிஃப்ட் என்று எழுதி, நாற்பத்தொரு வருடத்துக்கு முந்தைய ஒரு சனிக்கிழமையின் தேதியும் போட்டிருந்தார்கள். "இரண்டு பேருடைய நினைவில் நீங்கள் இருக்கிறீர்கள். மூன்றாவதாக உங்கள் நினைவும் கிடைத்தால் அந்த இடத்தை முழுமையாக்கலாம். விருப்பம் இருந்தால் மட்டும் வரவும்."

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். தையலில் விட்டுப்போனதை இப்போதெல்லாம் கேமரா கண்டுபிடித்துவிடும். கேமராவுக்கே சந்தேகமாக இருக்கும் துணி மட்டும் என் மேஜைக்கு வரும். கடிதம் வந்த அன்று நான் சரி என்று அனுப்பிய துணியில் பாதி திரும்பி வந்தது. "உடம்புக்கு முடியலைங்களா?" என்று சூப்பர்வைசர் கேட்டார். ஆமாம் என்றேன்.

இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். நாற்பத்தொரு வருடமாக யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா பொன்னரசி காம்ப்ளெக்ஸின் மூன்றாவது மாடியில் ஒரு பிளவுஸ் கடையில் தைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு ஆள் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான் போவேன். சனிக்கிழமை என்றால் நாள் முழுக்க அங்கேதான். கடைக்குள் ஆறு மெஷின் போட்டது போக எனக்கு உட்கார இடமில்லை. வருகிறவர்கள் "பேரென்ன கண்ணு?" என்று கேட்டால்கூட அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விடுவேன். அந்தக் கட்டிடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே தனி இடம் லிஃப்ட்தான். அதிலும் நாங்கள் ஏறக்கூடாது. தைக்கிறவர்கள் பின்பக்கப் படியில்தான் வர வேண்டும், போக வேண்டும். லிஃப்ட் கடைக்காரர்களுக்கும் வாங்க வருகிறவர்களுக்கும்.

இப்போதுள்ளவர்களுக்கு அந்த லிஃப்டைச் சொன்னால்தான் புரியும். மடக்கு மடக்காகச் சுருங்கி விரியும் இரும்புக் கதவு. எந்த மாடியில் நிற்கிறதோ அங்கே அந்தக் கதவை ஒரு விரல் அளவு மூடாமல் விட்டாலும் லிஃப்ட் அசையாது. அதனால் எந்நேரமும் யாராவது கத்திக்கொண்டே இருப்பார்கள். "ரெண்டாவது மாடி, கதவ மூடு." "யாருங் அது நாலாவது மாடி, கதவ மூடுங்." லிஃப்ட்காரர் மருதாசலண்ணன் சாப்பிடப் போகும் நேரத்தில், லிஃப்ட் எங்கள் மாடியில் நின்றால், உள்ளே போய்க் கதவை ஒரு விரல் அளவு விட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்துகொள்வேன். என்னை யாரும் எங்கேயும் கூப்பிட முடியாது. பத்து நிமிடம் கிடைக்கும். கத்த ஆரம்பித்ததும் வெளியே வந்து, கதவை இழுத்து மூடிவிட்டு ஓடிவிடுவேன்.

நாலாவது மாடியில் துரைராஜ் மாமா கடை. கொக்கி, பட்டன், ஜிப், லைனிங் துணி. அவர் மகள் மோனிஷா என் வகுப்பு, என் பெஞ்ச். எனக்கிருந்த சிநேகிதி அவள் ஒருத்திதான். எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

அந்தச் சனிக்கிழமை லிஃப்ட் காலையிலிருந்தே எங்கள் மாடியில் நின்றிருந்தது. மத்தியானம் உள்ளே போய் உட்கார்ந்தேன். யாரும் கத்தவில்லை. அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். மேலே எதுவோ விழுந்து சிதறும் சத்தம் கேட்டது, பட்டன் டப்பாவாக இருக்கும். ஆட்கள் ஓடினார்கள். பிறகு நாலைந்து குரல்கள் சேர்ந்து கத்தின. "மூணாவது மாடி, கதவ மூடு. அட கதவ மூடுங்கப்பா, ஆளுக்கு முடியல."

நான் மூடவில்லை. வெளியே வந்தால் படியில் நிற்கிறவர்கள் பார்த்துவிடுவார்கள். உள்ளேயிருந்து மூடினால் லிஃப்ட் மேலே போய் அவர்கள் முன்னால் என்னைத் திறந்து காட்டும். இரண்டையும் யோசித்துக்கொண்டே இருந்தேன். கை எழவில்லை. காதைப் பொத்திக்கொண்டு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். பயத்தில் முதுகெல்லாம் வேர்த்துக் கொட்டியது. துரைராஜ் மாமாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துப் படியில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவர் இறந்துவிட்டார்.

மறுநாள் துக்க வீட்டில் அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். வாசலில் ஒருவர் சொன்னார்: "லிஃப்ட் மட்டும் வந்திருந்தா ஆளு பொழச்சிருப்பாருங். எவனோ கதவத் தொறந்து போட்டுட்டுப் போயிட்டான்."

துக்கம் முடிந்து மோனிஷா பள்ளிக்கு வரும் திங்கட்கிழமை நான் போனால் அவளுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். காய்ச்சல் என்று சொன்னேன். நிஜமாகவே காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்ட பிறகும் போகவில்லை. அம்மா அடித்தாள், கெஞ்சினாள், கடைசியில் கேட்பதை விட்டுவிட்டாள். மே மாதம் திருப்பூருக்கு மாறினோம். கொஞ்ச நாளில் பனியனுக்குப் பிசிறு வெட்டப் போனேன். ஏன் படிக்கவில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் படிப்பு ஏறவில்லை என்றேன். கணக்கில் நான் வகுப்பில் இரண்டாவது.

கண்ணாடி பவர் மாற்றப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கோயமுத்தூருக்குக் கிளம்பினேன். "அத இங்கயே மாத்தலாமே" என்றார் என் கணவர். அங்கே நல்ல டாக்டர் இருக்கிறார் என்றேன். இத்தனை வருடத்தில் பக்கத்து ஊரான அந்த ஊருக்கு நான் ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போனதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

ரயில் பன்னிரண்டு நிமிடத்தில் கொண்டுபோய் விட்டது. ஒப்பணக்காரத் தெரு என்று பலகை இருந்தது. தெரு இல்லை. பெரிய தூண்கள் மேல் கட்டிடங்கள் நின்றன. அண்ணாந்து பார்த்தால் பாதிக்கு மேல் தெரியவில்லை. தூண்களுக்கு நடுவே வண்டி எதுவும் இல்லாத அகலமான நடைவெளி, தொட்டிகளில் மரங்கள், எங்கிருந்தோ குளத்துக் காற்று. முன்பு இங்கே காற்று என்ற ஒன்று வந்து நான் பார்த்ததில்லை. புதுத்துணியின் கஞ்சி வாசனைதான் இருக்கும். பாத்திரக் கடையில் பெயர் வெட்டும் மெஷின் கிர்ரென்று ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு அடையாளமும் இல்லாமல் ஊர் தெரியாதவள் போல நடந்தேன். அப்போது என் கால் தானாக வேகம் எடுத்தது.

சரிவு. டவுன்ஹால் பக்கமிருந்து உக்கடம் பக்கம் இறங்கும் அந்தச் சின்னச் சரிவு. மூட்டை வண்டிக்காரர்கள் இந்த இடத்தில்தான் வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, வழிவிடச் சொல்லிக் கத்துவார்கள். எல்லாவற்றையும் இடித்துக் கட்டியவர்கள் இதை விட்டுவிட்டார்கள். பத்தடி தள்ளிப் பொன்னரசி காம்ப்ளெக்ஸ் இருந்திருக்க வேண்டும். அங்கே கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு கூடம் இருந்தது. அதுதான் நினைவுத் தெரு அலுவலகம்.

உள்ளே ஒரு அம்மாள் முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், கழுத்தில் சின்னச் சிலுவை. பெயர் ஜெசிந்தா என்று சட்டையில் குத்தியிருந்தது.

"வாங்க்கா, உக்காருங்க. தண்ணி தரட்டுமா? மூஞ்சியப் பார்த்தா போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தவங்க மாதிரி இருக்கீங்க."

"அந்த ரெண்டு பேரு யாருங்க?"

"நேரா அங்கயே வந்துட்டீங்க." முறுக்கை டப்பாவில் போட்டு மூடினார். "ஒருத்தரு பேரச் சொல்லலாம். மருதாசலம், லிஃப்ட்காரரு. போய்ச் சேந்து அஞ்சு வருசமாச்சு. அதுக்கு முன்னாடியே இங்க வந்து நெனப்பக் குடுத்துட்டுப் போயிட்டாரு. இன்னொருத்தரு பேரு இப்ப சொல்லக்கூடாதுங்க்கா. நீங்க குடுத்ததுக்கு அப்புறந்தான்."

"ஏனுங்க?"

"சொன்னா, அவங்க என்ன பார்த்திருப்பாங்கன்னு நீங்க யோசிச்சுட்டே உக்காந்திருப்பீங்க. மெஷினுக்குத் தொல்ல. அதுக்கு நீங்க என்ன நெனச்சீங்கன்றதே வேண்டாம். கண்ணு என்ன பார்த்துச்சு, காது என்ன கேட்டுச்சு, அவ்வளவுதான் எடுக்கும். மண்டைக்குள்ள அது பாட்டுக்கு அப்புடியே கெடக்குதாம். நாமதான் மேல கதையக் கொட்டி மூடி வெச்சிருக்கோம்."

பிறகு வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். ஒருவர் மட்டும் பார்த்த பொருள் நினைவுத் தெருவில் புகை மாதிரி தெரியும். இரண்டு பேர் பார்த்திருந்தால் பட்டர் பேப்பருக்குப் பின்னால் இருப்பது போலத் தெரியும். மூன்று பேர் ஒரே மாதிரி பார்த்திருந்தால் கெட்டியாகிவிடும்.

"கையுறை போட்டிருந்தீங்கன்னா தட்டிப் பார்க்கலாம். செவுரு செவுருதான்."

"கெட்டியானதுக்கு அப்புறம் அழிக்க முடியுங்களா?"

"முடியாதுங்க்கா. யாரு வேணா வந்து பார்க்கலாம். ஸ்கூல் புள்ளைங்க டூரு வருது."

நான் தண்ணீரைக் குடித்தேன். "ஒருத்தரு ஏதாச்சும் தப்புப் பண்ணியிருந்தா? அதுவும் கெட்டியாகுமா?"

"பார்த்ததுதான் கெட்டியாகும். தப்பா ரைட்டான்னு சொல்ற மெஷினு இன்னும் வரல. வந்தா எனக்கு வேல போயிரும்." என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "உள்ளதச் சொல்லிடறேன். போன மாசம் அண்ணந்தம்பி ரெண்டு பேரு வந்தாங்க. அப்பா குடிச்சுட்டு வந்து ஒன்னைய அடிச்சாரா என்னைய அடிச்சாரான்னு அம்பது வருசமாச் சண்ட. எடுத்துப் பார்த்தா அவரு ரெண்டு பேரையும் அடிக்கல. செவுத்துல குத்தியிருக்காரு. இப்ப ரெண்டு பேரும் ஃபோன்கூடப் பண்ணிக்கறதில்லையாம். பேச ஒண்ணும் இல்லையாம். பார்த்துட்டா, இத்தன வருசம் வெச்சிருந்த நெனப்பு போயிரும். அது நல்ல நெனப்பா இருந்தாலும் சரி, கெட்டதா இருந்தாலும் சரி. அதனால மொதல்ல ஒரு சுத்து நடந்து பாருங்க. புடிக்கலீன்னா வந்த வழியே போயிருங்க. நான் கேக்க மாட்டேன்."

கண்ணாடியும் கையுறையும் கொடுத்தார்.

கண்ணாடியை மாட்டியதும் கூடம் மறைந்துவிட்டது. பாத்திரக் கடை வந்தது. பெயர் வெட்டுகிறவர் ஒரு சம்படத்தை மடியில் வைத்து மெஷினை அழுத்திக்கொண்டிருந்தார். அந்தக் கடை கெட்டியாக இருந்தது. இந்த ஊரில் அங்கே பெயர் வெட்டிக்கொள்ளாத குடும்பம் ஏது? அதற்கு அடுத்து என்ன இருந்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை போலிருக்கிறது, வெறும் சாம்பல் நிறம். அதற்கு அடுத்தது பொன்னரசி காம்ப்ளெக்ஸ்.

படி மட்டும் நிஜம். இரும்பில் அதே உயரத்துக்குக் கட்டி வைத்திருந்தார்கள். முன்பக்கப் படி. சின்ன வயதில் நான் கால் வைக்காத படி. திருப்பங்களில் யாரும் எச்சில் துப்பாமலிருக்க ஒட்டிய சாமி டைல்ஸ் எல்லாம் பளிச்சென்று கெட்டியாக இருந்தன. பிள்ளையார், சிலுவை, பிறை. பின்பக்கப் படியைத் தேடினேன். அந்த இடத்தில் ஒன்றுமில்லை. பின்பக்கப் படியில் வந்தவர்களை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை போலிருக்கிறது.

மூன்றாவது மாடியில் லிஃப்ட் நின்றிருந்தது.

பட்டர் பேப்பருக்குப் பின்னால் இருப்பது போலத்தான் தெரிந்தது. இரும்புக் கதவின் கட்டங்கள் மங்கலாக. உள்ளே மூலையில் பச்சையாக ஏதோ இருந்தது. கிட்டே போனேன். பச்சைப் பாவாடை. முழங்காலில் குனிந்து, காதைப் பொத்திக்கொண்டு ஒரு பெண். முகம் தெளிவில்லை. ஆனால் ஒரு விரல் அளவு இடைவெளி மட்டும், கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே, நன்றாகத் தெரிந்தது. அந்த இடைவெளியில் கையுறை போட்ட விரலை வைத்தேன். புகைக்குள் போவது போல விரல் உள்ளே போனது.

கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். ஏசி போட்ட கூடத்தில், இரும்புப் படியின் மேல், ஐம்பத்து மூன்று வயதில் நின்றுகொண்டிருந்தேன். ரயில் நிலையத்துக்குப் போகும் வழி எனக்குத் தெரியும். சரிவில் ஏறினால் போதும்.

இறங்கி ஜெசிந்தாவிடம் வந்தேன். போய்விட்டு வருகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த லிஃப்டை இப்படியே விட்டுவிட்டால் அந்தப் பெண் அப்படியே பாதியாக, பச்சையாக, காதைப் பொத்திக்கொண்டு இருப்பாள். நான் செத்த பிறகும் இருப்பாள்.

"எடுத்துக்கோங்க" என்றேன்.

அரை மணி நேரம் ஆனது. தலையில் ஒரு தொப்பி, அவ்வளவுதான். வலிக்கவில்லை. பிறகு ஜெசிந்தா ஒரு சின்ன அறையில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, என் நினைவைச் சுவரில் ஓடவிட்டார். என் பச்சைப் பாவாடையின் முழங்கால்கள். பாவாடைக் கரையைத் திருகும் என் விரல். கதவின் இடைவெளி. நான் அண்ணாந்து பார்த்திருக்கிறேன், எதற்கென்று தெரியவில்லை, லிஃப்டின் கூரை வந்தது. மறுபடி முழங்கால். மேலே டப்பா சிதறியது. குரல்கள். "மூணாவது மாடி, கதவ மூடு." இரண்டு கைகள் முகத்தருகே வந்தன. அதற்குப் பிறகு சத்தம் இல்லை, தண்ணீருக்குள் முங்கியது போல ஒரு இரைச்சல் மட்டும்.

ஜெசிந்தா நிறுத்தினார். பின்னால் ஓட்டினார். கூரை வந்தது.

"அக்கா, இது என்ன மாசம்?"

"மார்ச்சுங்க."

"மார்ச்சு மத்தியானம், டப்பா மாதிரி லிஃப்டுக்குள்ள, ஃபேன நிறுத்திட்டா உக்காந்திருந்தீங்க?"

"நிறுத்த முடியாதுங்க. அதுக்கு உள்ள சுவிட்சே கெடையாது. எப்பவும் ஓடும்."

"ஓடல பாருங்க."

பார்த்தேன். மூன்று இறக்கை கொண்ட சின்ன விசிறி. ஒரு இறக்கையில் ஒட்டடை தொங்கியது. அசையவில்லை. அதற்குப் பக்கத்தில் பல்பு, எரியவில்லை. வெளிச்சம் கதவின் கட்டங்கள் வழியாகத்தான் வந்திருக்கிறது. கட்டம் கட்டமாக என் பாவாடையில் விழுந்திருக்கிறது.

முதுகெல்லாம் வேர்த்தது எனக்கு ஞாபகம் இருந்தது. இத்தனை வருடம் அதைப் பயத்தின் வேர்வை என்றே வைத்திருந்தேன்.

"இருங்க, இருங்க" என்று ஜெசிந்தா மருதாசலண்ணனின் நினைவை எடுத்தார். காலை எட்டே முக்கால். கீழ்த்தளம். அவருடைய கை, காய்ப்பேறிய கை, லிஃப்ட் வாசலில் ஒரு சிலேட்டை மாட்டுகிறது. சாக்பீஸில் எழுதியிருக்கிறது: 'இன்று கரண்ட் கட். 9 முதல் 4 வரை. லிஃப்ட் ஓடாது.' பின்னால் ஜெனரேட்டரை யாரோ கயிறு போட்டு இழுத்துக் கிளப்புகிறார்கள்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை மின்வாரியம் பராமரிப்புக்காக நாள் முழுக்கக் கரண்டை நிறுத்தும். கடைகளின் விளக்குக்கும் தையல் மெஷினுக்கும் ஜெனரேட்டர் உண்டு. லிஃப்டுக்கு அதிலிருந்து லைன் கொடுக்கவில்லை. சிலேட் மாட்டியது முன்பக்கம். நானும் அம்மாவும் வந்தது பின்பக்கம். கடைக்குள் விளக்கு எரிந்தது, மெஷின் ஓடியது. எனக்கு எப்படித் தெரியும்?

மத்தியானம் அதே கண் மேலே பார்க்கிறது. படிக்கட்டின் நடு இடைவெளி வழியே உச்சியில் தலைகள். "கதவ மூடு" என்று கத்துகிறார்கள். பழக்கம். ஆள் விழுந்த பதற்றத்தில் அவர்களுக்கும் கரண்ட் ஞாபகம் இல்லை. மருதாசலண்ணன் தொண்டை கிழியக் கத்துகிறார்: "கதவில்லீங், கரண்டே இல்லீங். படியில தூக்குங்க. சீக்கிரமாத் தூக்குங்க."

நான் காதைப் பொத்திக்கொண்ட பிறகு சொன்னது அது. பிறகு அவர் படியேறி ஓடுகிறார்; மூன்றாவது மாடியில், விரல் அளவு திறந்த கதவுக்குப் பின்னால், பச்சைப் பாவாடை ஒரு கணம் வந்து போகிறது.

"அந்த ஃபேன இன்னொருக்காப் போடுங்க" என்றேன். போட்டார். இன்னொருக்கா என்றேன். கேமரா சந்தேகப்பட்ட துணியை நான் மூன்று முறை பார்ப்பேன், அதற்குப் பிறகுதான் சொல்வேன். மூன்று முறையும் விசிறி நின்றுதான் இருந்தது. நான் அந்தக் கதவை நூறு தடவை மூடியிருந்தாலும் லிஃப்ட் ஒரு அங்குலம் ஏறியிருக்காது.

அழுகை வரும் என்று நினைத்தேன். பசித்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பசிக்குமே, அப்படி ஒரு பசி. ஜெசிந்தாவின் முறுக்கு டப்பாவைப் பார்த்தேன். அவர் அதை என் பக்கம் தள்ளினார்.

மூன்றாவது முறுக்கைக் கடிக்கும்போது கேட்டார்: "இன்னொருத்தரு நெனப்பையும் பார்த்துடறீங்களா? சின்னதுதான்."

நாலாவது மாடியிலிருந்து படி இறங்கும் ஒரு சிறுபெண்ணின் கண். முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியிலிருந்து தொங்கும் ஒரு கை, வாட்ச் கட்டிய கை. தூக்குகிறவர்களின் முதுகுகள். மூன்றாவது மாடி வருகிறது. கண் பக்கவாட்டில் திரும்புகிறது. இரும்புக் கட்டங்களுக்குப் பின்னால் பச்சைப் பாவாடை, காதைப் பொத்திய இரண்டு கைகள். நாற்காலி கீழே போய்விட்டது. அந்தக் கண் போகவில்லை. படியில் நின்று, அந்தப் பெண்ணையே பார்க்கிறது. யாரோ "பாப்பா வா" என்று இழுத்த பிறகுதான் திரும்புகிறது.

நான் முறுக்கைக் கீழே வைத்தேன். அந்த வாட்ச் எனக்குத் தெரியும்.

"அவங்க மேல பதினாலாவது மாடியில கேண்டீன்ல உக்காந்திருக்காங்க. காலையிலேருந்து" என்றார் ஜெசிந்தா. "வரச் சொல்லட்டுமா?"

நான் தலையசைத்தேனா என்று தெரியவில்லை. அசைத்திருக்க வேண்டும்.

குண்டாக, நரைத்த தலையோடு, ஒரு கையில் ஊன்றுகோலோடு ஒருத்தி வந்தாள். வாசலிலேயே நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன்டி திங்கக்கெழம வரல?" என்றாள்.

"காய்ச்சல்" என்றேன்.

"நாப்பத்தொரு வருசமாவா?"

ஜெசிந்தா எழுந்து வெளியே போய்விட்டார். மோனிஷா என் எதிரில் உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகினாள். ஆபரேஷன் செய்து ஆறு மாதம் ஆகிறதாம். "உனக்கு எடம் புடிச்சு வெச்சிருந்தேன்டி. அடுத்த வருசம் முச்சூடும் என் பக்கத்துல யாரையும் உக்கார விடல. டீச்சரே திட்டுச்சு."

நான் சொன்னேன். எல்லாவற்றையும். விரல் அளவு இடைவெளியை, துக்க வீட்டை, வாசலில் கேட்ட பேச்சை. அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள், அதுவும் புதிதுதான்.

"லிஃப்ட் வந்திருந்தா பொழச்சிருப்பாருன்னு சொன்னது ஆரு? தொப்பையா, மீசை வெச்சுட்டா?"

"ஆமா."

"எங்க சித்தப்பன். அந்தாளு அன்னிக்கு ஊர்லயே இல்ல. ராத்திரிதான் பொள்ளாச்சியிலேருந்து வந்தான். வந்ததுலேருந்து எல்லாத்துக்கும் ஒரு கத." அவள் ஊன்றுகோலைத் தரையில் தட்டினாள். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேடி. கரண்ட் இல்லைன்னு காம்ப்ளெக்ஸுக்கே தெரியும்."

"ஒரு வார்த்த" என்றேன்.

"உன்ன எதுக்குத் திட்டறது? பென்சில் வேணும்னாக்கூட வாயத் தொறக்க மாட்ட. கைய நீட்டுவ."

அந்த ஒரு வார்த்தையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு, அதற்கு மேல் என்னென்ன இருந்திருக்குமோ எல்லாம் அந்த ஒரு கேள்விக்கு அந்தப் பக்கம் இருந்தன. ஒரு நிமிடம் அந்தப் பச்சைப் பாவாடைக்காரியைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. பிறகு அவளுக்குப் பன்னிரண்டு வயது என்பது ஞாபகம் வந்தது. கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்று நினைக்கிற வயது. நான்தான் அந்த வயதை விட்டு வெளியே வராமலேயே இருந்துவிட்டேன்.

"நீ எதுக்கு இந்த நெனப்பக் குடுத்த?" என்று கேட்டேன். "இது உங்கப்பா போன நாளு."

மோனிஷா ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டாள். "அன்னிக்கு எல்லாரும் அப்பாவத் தூக்கறதுலயே இருந்தாங்க. நான் பின்னாடி வர்றத யாரும் பார்க்கல. மூணாவது மாடிகிட்ட வந்தா, நீ காதப் பொத்திட்டு உக்காந்திருக்க. எனக்காக ஒருத்தி பயந்துட்டு இருக்கான்னு நெனச்சேன். அத வெச்சுட்டுத்தான் கீழ எறங்குனேன்."

நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அன்று எனக்கு எதையும் சொல்லாமல் விடுவது முடியவில்லை. "நான் எனக்காகத்தான் பயந்துட்டு இருந்தேன், மோனி."

"இருக்கட்டும்" என்றாள். "நீ என்ன நெனச்சன்றது மெஷினுக்கு வேண்டாமாம். எனக்கும் வேண்டாம்."

ஜெசிந்தா திரும்பி வந்து ஒரு பலகையை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். மூவரும் ஒரே மாதிரி பார்த்த லிஃப்ட், ஒரு விரல் அளவு திறந்த கதவோடு, இனி கெட்டியாக நிற்கும். கூடவே அந்த விசிறியும். அது மருதாசலண்ணனோ மோனிஷாவோ பார்க்காதது, புகையாகத்தான் இருக்குமாம். "அண்ணாந்து பார்க்கறவங்களுக்குத் தெரியுங்க்கா" என்றார் ஜெசிந்தா. பின்பக்கப் படியைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். அந்தப் படியில் வந்த இன்னும் இரண்டு பேரைத் தேடித் தந்தால் அதையும் போடலாம் என்றார். எனக்கு ஆறு மெஷின்காரர்களின் பெயரும் தெரியும். எழுதிக் கொடுத்தேன்.

"வா, கேண்டீன்ல தோசை நல்லா இருக்கு" என்றாள் மோனிஷா. "நான் மெதுவாத்தான் வருவேன். நீ முன்னாடி போய் லிஃப்டப் புடி."

கூடத்தின் கோடியில் லிஃப்ட் இருந்தது. வெள்ளியாக மின்னும் இரண்டு கதவுகள், தானாகத் திறந்தன. உள்ளே நாலு பேர் நின்றிருந்தார்கள். நான் ஏறி, வாசல் ஓரத்தில் கையை வைத்தேன். மோனிஷா தூரத்தில் ஒவ்வொரு அடியாக வந்துகொண்டிருந்தாள். கதவு மூட வந்து, என் கையைத் தொட்டுத் திரும்பிப் போனது. "கதவருகே நிற்க வேண்டாம்" என்று ஒரு பெண் குரல் சொன்னது. மறுபடி மூட வந்தது, மறுபடி திரும்பியது.

பின்னால் நின்ற ஒருவர் பொறுமை இழந்தார். "ஏனுங், கதவ மூட வுடுங். போலாமுங்."

"ஒரு ஆளு வர்றாங்க" என்றேன். என் குரல் அந்தச் சின்ன இடத்தில் எனக்கே சத்தமாகக் கேட்டது. "நில்லுங்க."

கூரையில் ஒரு சின்ன விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நான் கையை எடுக்கவில்லை.